இரண்டாவது கதவு

1

நான் வேலை பார்க்கும் கிளையில் மாதத்தின் முதல் வாரம் பென்ஷன்காரர்களுடையது. காலையில் கதவு திறக்குமுன்பே படியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். டோக்கன் எண் ஓடும் பலகை ஒன்று சுவரில் இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வரிசையில் நிற்காத சிலரும் உண்டு. அவர்கள் நேரே மானேஜர் அறைக்குள் போய்விடுவார்கள். காபி வரும். சற்று நேரத்தில் மணி அடிக்கும். கவுண்ட்டரில் இருக்கும் நான் எழுந்து உள்ளே போய், அவர்களுடைய செக்கையும் பாஸ்புக்கையும் வாங்கி வந்து முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது மேலிருப்பவர்களின் எண்ணம். பெரிய டெபாசிட்காரர் உள்ளே போய்விட்டதால் வெளியே வரிசையில் ஓர் ஆள் குறைந்தது என்றுகூட அவர்கள் வாதிக்கலாம். வரிசையில் நிற்கும் கிழவிக்குத்தான் உண்மை தெரியும். உள்ளே போனது ஒரு வாடிக்கையாளர் மட்டும் அல்ல, ஒரு குமாஸ்தாவும்.

இந்த அற்ப விஷயத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பொது மருத்துவம் பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் முன்வைக்கப்படும் யோசனை இதுதான்: காசு உள்ளவன் தன் காசில் வேறு கதவு வழியாகப் போகட்டும், அவன் விட்டுப்போன இடம் இல்லாதவனுக்குக் கிடைக்கும், வரிசை குறையும், இரு தரப்புக்கும் லாபம். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. மறுப்பவன் பொறாமைக்காரனாகவோ, கணக்குத் தெரியாத லட்சியவாதியாகவோ தோற்றம் கொள்கிறான். இந்த யோசனை தேர்தலிலும் வேலைநிறுத்தத்திலும் பாராளுமன்றத்திலும் கடைசியாகக் கோர்ட்டிலும் திரும்பத் திரும்ப உரசிப் பார்க்கப்பட்ட தேசம் கனடா. அந்தச் சரித்திரத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தால், யோசனையின் நியாயம் எந்த இடத்தில் பழுதாகிறது என்பது தெரியவரும்.

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நவீன எழுத்தில் ஆஸ்பத்திரி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அது தனி மனிதனின் மரண பயத்துக்கு ஒரு மேடை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, மருந்து வாடை. அந்தக் கட்டில் அங்கே எப்படி வந்தது, அதில் யார் படுக்கலாம் என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி நம் பிரக்ஞையில் உறைப்பதில்லை. வியாதி தனி மனிதனுடையதாக இருக்கலாம். கட்டில் சரித்திரத்துக்குச் சொந்தம்.

2

சஸ்காச்சுவான் கனடாவின் மேற்குச் சமவெளியில் உள்ள கோதுமை மாகாணம். ஊருக்கும் ஊருக்கும் தூரம் அதிகம். வருஷத்தில் பல மாதங்கள் பனி. 1914இல் அங்கே ஸார்னியா என்ற கிராம உள்ளாட்சிக்கு ஒரு சங்கடம் வந்தது. இருந்த ஒரே டாக்டர் ஊரை விட்டுப் போய்விடுவார் போலிருந்தது. போகாமலிருக்க ஆண்டுக்கு 1,500 டாலர் தருவதாக உள்ளாட்சி ஒப்புக்கொண்டது. பணம் விவசாயிகள் கட்டும் வரியிலிருந்து. சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1916இல்தான் மாகாண அரசு சட்டத்தைத் திருத்தி இந்த ஏற்பாட்டை முறைப்படுத்தியது. அதே ஆண்டில் பல உள்ளாட்சிகள் சேர்ந்து பொது ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ளவும் சட்டம் வந்தது.

இதில் சித்தாந்தம் எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எந்தத் தனி விவசாயியாலும் ஒரு டாக்டரை ஊரில் நிறுத்திவைக்க முடியாது, எல்லோரும் சேர்ந்தால் முடியும் என்ற கணக்கு மட்டுமே. ஒரே டாக்டர் உள்ள ஊரில் இரண்டாவது கதவு என்பது அர்த்தமற்ற சொல். வசதியுள்ள விவசாயியும் அவன் கூலியாளும் ஒரே மனிதனிடம்தான் போக வேண்டும். அந்த மனிதன் ஊரில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே அக்கறை. இந்த ஒரே அக்கறைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை என்று எனக்குத் தோன்றுகிறது.

1930களின் வறட்சியும் கோதுமை விலைச் சரிவும் சமவெளியைச் சூறையாடின. 1928க்கும் 1933க்கும் இடையில் மாகாணத்தில் தலைக்கு வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. டாக்டர்களுக்குக் கோழியும் உருளைக்கிழங்கும் விறகும் கூலியாயின. அந்த ஆண்டுகளில் அரசின் உதவியை டாக்டர்களே கேட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே தொழில் அரசை எதிர்த்து எழுந்து நின்றபோது இது யாருக்கும் நினைவில் இல்லை.

இந்தச் சமவெளியில் வேபர்ன் என்ற ஊருக்கு பாப்டிஸ்ட் பாதிரியாராக வந்தவர் டாமி டக்ளஸ். 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறு வயதில் குடும்பத்தோடு வின்னிபெக்கில் குடியேறினார். எலும்பில் சீழ் பிடித்துக் காலை வெட்ட வேண்டும் என்ற நிலை. பெயர் பெற்ற ஒரு நிபுணர், மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டுவதற்காக, காசு வாங்காமல் அறுவை செய்தார். கால் பிழைத்தது. டக்ளஸ் இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். இந்தக் கதையை அவர் நன்றிக் கதையாகச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். அந்த டாக்டரின் தயை உண்மையானது. ஆனால் ஒரு பையனின் கால், ஒரு பெரிய டாக்டர் அந்த வழியாக வந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்ததாக இருக்கலாமா? தயையைப் பெற்றவனே தயையின் போதாமையைச் சொன்னான் என்பதில் ஒரு தார்மீக வலு இருக்கிறது.

1944இல் அவருடைய கட்சியான கூட்டுறவுக் காமன்வெல்த் கூட்டமைப்பு ஆட்சிக்கு வந்தது. வட அமெரிக்காவில் முதல் சோஷலிஸ்ட் அரசு. ஒரே நாளில் எதையும் செய்துவிடவில்லை. 1946 ஜூலையில் ஸ்விஃப்ட் கரண்ட் என்ற வட்டாரத்தில் மட்டும் டாக்டர் செலவும் ஆஸ்பத்திரி செலவும் பொதுவாக்கப்பட்டன. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதும் ஆஸ்பத்திரிக் காப்பீடு. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30. பத்து வருஷம் கழித்து, 1957இல், மத்திய அரசு இதையே தேசம் முழுவதற்குமான சட்டமாக்கியது. மத்திய அரசின் பணம் வந்ததும் மாகாணத்தின் கை சற்று இளகியது. அடுத்தது, டாக்டரின் கட்டணம்.

3

1960 தேர்தல் இந்த ஒரே விஷயத்தில் நடந்தது என்று சொல்லலாம். மாகாண மருத்துவர் சங்கம் எதிர்ப் பிரசாரத்துக்காக ஒவ்வொரு டாக்டரிடமும் 100 டாலர் வசூலித்தது. டக்ளஸ் ஜெயித்தார். 1961 நவம்பரில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் டக்ளஸ் தேசியக் கட்சித் தலைமைக்குப் போனார். பள்ளி ஆசிரியராக இருந்த உட்ரோ லாயிட் மாகாணப் பிரதமரானார். புகழ் டக்ளஸுக்குப் போனது, அடி லாயிட்டுக்கு விழுந்தது. 1962 மே மாதம் டாக்டர்களின் கூட்டத்துக்கு லாயிட் நேரில் போய்ப் பேசினார், கூச்சலிட்டார்கள். சட்டத்தின்கீழ் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்கப்பட்டபோது அரங்கில் பெரும்பாலோர் எழுந்து நின்றார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். இந்தச் சண்டையை, ஏழைக்கு வைத்தியம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையாக நினைப்பது சரித்திரப் பிழை. ஏழைக்கு உதவக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லவில்லை. டாக்டர்களே நடத்திய தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் அப்போது இருந்தன. வசதியுள்ளவன் தன் விருப்பப்படி அவற்றில் சேரட்டும், கட்ட முடியாதவனுக்கு மட்டும் அரசு பிரீமியத்தைக் கட்டட்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. அதாவது இரண்டு கதவு. ஒன்று உரிமையுள்ளவனுக்கு, மற்றது, வறுமையை நிரூபித்துக் காட்டுபவனுக்கு. லாயிட் அரசு ஏற்க மறுத்தது இதைத்தான். தனி ஆளுக்கு ஆண்டுக்கு 12 டாலர், குடும்பத்துக்கு 24, எல்லோரும் ஒரே திட்டத்தில். மில் முதலாளியும் உண்டு, ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குபவனும் உண்டு.

1962 ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றே ஏறத்தாழ பத்தில் ஒன்பது டாக்டர்கள் தங்கள் அறைகளைப் பூட்டினார்கள். ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஜனங்கள் உள்ள மாகாணத்தில் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் அவசர சிகிச்சை. முதல் நாளே, டாக்டரைத் தேடிப் பெற்றோர் காரில் அலைந்துகொண்டிருந்தபோது ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதை இரு தரப்பும் தத்தம் வாதத்துக்குப் பயன்படுத்தின. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஆனால் சரித்திரத்திலிருந்து அந்தக் காரை நீக்கவும் முடியாது.

‘நம் டாக்டர்களைக் காப்போம்’ என்ற பெயரில் ஊருக்கு ஊர் கமிட்டிகள் தோன்றின. அவற்றில் இருந்தவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. தன்னைப் பிரசவம் பார்த்த டாக்டர் ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்த தாய்மார்கள் நிறைய. அந்தப் பயம் நிஜம். ஸார்னியா கிராமம் 1914இல் பயந்ததும் இதற்குத்தான். ஒரே பயம் ஒரு காலத்தில் பொது மருத்துவத்தை உண்டாக்கியது, இன்னொரு காலத்தில் அதை எதிர்த்தது. ஜூலை 11 அன்று தலைநகர் ரெஜைனாவில் சட்டசபைக்கு முன்னால் நடந்த பேரணிக்குப் பல பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் நாலாயிரம், ஐயாயிரம். அதன் பிறகு காற்று மாறியது. அரசு பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்துக்கொண்டிருந்தது. சஸ்காட்டூன் நகரில், சட்டத்தை ஆதரித்த சில டாக்டர்களோடு ஜனங்களே கூட்டுறவு முறையில் ஒரு சமூக மருத்துவமனையைத் தொடங்கினார்கள்.

பிரிட்டனிலிருந்து டெய்லர் பிரபு வந்தார். தாமே டாக்டர், தொழிற்கட்சிக்காரர், அங்கே 1948இல் வந்த தேசிய சுகாதார சேவையின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். இரு தரப்பும் ஒரே அறையில் உட்காரத் தயாராக இல்லாததால் இவர் இங்கும் அங்கும் நடந்து செய்தி கொண்டுபோனார். ஜூலை 23இல் சஸ்காட்டூன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இருபத்து மூன்று நாள்.

4

ஒப்பந்தங்களில் வெற்றியைவிட விட்டுக்கொடுத்ததைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும். எல்லோரும் ஒரே திட்டத்தில் என்ற அடிப்படை நின்றது. பதிலுக்கு, டாக்டர் சம்பளக்காரராக மாட்டார், ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணம் பெறும் தனித் தொழிலாளராகவே இருப்பார் என்பது உறுதியாயிற்று. அத்துடன், விரும்பினால் நோயாளியிடமே நேராக பில் கொடுக்கலாம். நோயாளி அரசிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி ஷரத்தில் ஒரு விரிசல் இருந்தது. அரசு தருவது பத்து டாலர் என்றால் டாக்டர் பன்னிரண்டு கேட்கலாம். அந்த இரண்டு டாலர்தான் இரண்டாவது கதவின் சாவி.

1964இல் கட்சி தோற்றது. புதிதாக வந்த ராஸ் தாட்சரின் லிபரல் அரசுக்குத் திட்டத்தை ஒழிக்கத் துணிச்சல் இல்லை; ஜனங்களுக்கு அது அதற்குள் பழகிவிட்டிருந்தது. 1968இல் வேறொன்றைச் செய்தது. டாக்டரைப் பார்க்கப் போனால் ஒன்றரை டாலர், டாக்டர் வீட்டுக்கு வந்தால் 2 டாலர், ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 2.50. அநாவசியமாக டாக்டரிடம் ஓடுபவர்களைத் தயங்க வைப்பது நோக்கம். யார் தயங்கினார்கள் என்பதைப் பின்னால் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். மொத்தத்தில் டாக்டர் சேவையின் உபயோகம் ஆறு, ஏழு சதவீதம் குறைந்தது. வறிய குடும்பங்களில் ஏறத்தாழ 18 சதவீதம். ஒன்றரை டாலருக்கு அநாவசியத்தையும் அவசியத்தையும் பிரித்தறியத் தெரியாது. பர்ஸைத்தான் அதற்குத் தெரியும். 1971இல் ஆட்சி மாறியதும் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் தேச அளவில் நடந்தது ஒரு நகைமுரண். மாகாணத்தின் முன்மாதிரி பரவிவிடுமோ என்று பயந்த கனடிய மருத்துவர் சங்கம், விஷயத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் வேண்டும் என்று கேட்டது. கன்சர்வேடிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் 1961இல் அமைத்தார். தலைவராகப் போட்டது எம்மெட் ஹால் என்ற நீதிபதியை. பிரதமரோடு சட்டம் படித்தவர், அதே கட்சிப் பின்னணி. கேட்டவர்களுக்குத் திருப்தியளிக்கும் அறிக்கை வரும் என்று எல்லோரும் நினைத்திருக்கக்கூடும். ஹால் தேசமெங்கும் சுற்றினார், சாட்சிகளைக் கேட்டார். 1964இல் அவர் சமர்ப்பித்த அறிக்கை, சஸ்காச்சுவான் வழியைத் தேசம் முழுவதும் பின்பற்றச் சொன்னது. வறுமையை நிரூபித்தால் உதவி என்ற முறையை அவர் ஏற்கவில்லை. சாட்சியம் தன் முன்முடிவுகளை மாற்ற அனுமதிக்கும் மனம் அபூர்வம். விமர்சகர்களாகிய நமக்கும் இது ஒரு பாடம்தான்.

1966 டிசம்பரில் பியர்சனின் லிபரல் அரசு கொண்டுவந்த மருத்துவச் சட்டம் 177க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறியது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் பிரதேசங்களும் சேர்ந்துவிட்டன. விரிசலும் கூடவே சேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் டாக்டர்கள் அரசு தருவதற்கு மேல் நோயாளியிடம் கேட்பது பெருகியது. ஹாலை மறுபடியும் அழைத்தார்கள். 1980இல் அவர் தந்த இரண்டாவது அறிக்கை, மேல்கட்டணம் தொடர்ந்தால் பொதுத் திட்டம் இரு தட்டாகப் பிளந்துவிடும் என்று எச்சரித்தது. சுகாதார மந்திரி மோனிக் பெகான் 1984இல் கனடா சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் யுக்தி எளிமையானது: ஒரு மாகாணத்தில் நோயாளிகளிடம் எவ்வளவு மேல்கட்டணம் வாங்கப்படுகிறதோ, டாலருக்கு டாலர் அவ்வளவும் மத்திய அரசு தரும் பணத்தில் பிடிக்கப்படும். பாராளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. 1986இல் ஒன்டாரியோ மாகாணம் மேல்கட்டணத்தைத் தடை செய்தபோது அங்கே டாக்டர்கள் இருபத்தைந்து நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1962இல் விட்ட விரிசலை அடைக்க இருபத்து நாலு வருஷம் ஆயிற்று.

5

இங்கே சரித்திரம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. 1990களில் மத்திய அரசு மாகாணங்களுக்குத் தரும் பணத்தை வெட்டியது. வரிசைகள் நீண்டன. இடுப்பு மூட்டு, முழங்கால், கண்புரை முதலியவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நீண்ட வரிசையைக் காட்டி இரண்டாவது கதவைக் கேட்பவர்கள் மறுபடி வந்தார்கள், இம்முறை சுதந்திரத்தின் பெயரால்.

கியூபெக் மாகாணத்தில் பொதுத் திட்டத்தில் அடங்கும் சிகிச்சைகளுக்குத் தனியார் காப்பீடு விற்கத் தடை இருந்தது. இடுப்பு மூட்டு சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவரும் ஷாவுல்லி என்ற டாக்டரும் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தடை கியூபெக்கின் உரிமைச் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையின் வாதத்தை நான் அலட்சியம் செய்யத் தயாராக இல்லை. காத்திருக்கும்போதே உடல் கெடுகிறது, சிலர் இறக்கிறார்கள். சிகிச்சையைத் தானும் உரிய காலத்தில் தராமல், வேறு வழியையும் அடைக்க அரசுக்கு என்ன நியாயம்? வலியோடு வீட்டில் படுத்திருப்பவனிடம் சமத்துவம் பற்றிப் பேசுவது எளிது. பேசுபவனுக்கு வலி இல்லை. இரண்டாவது கதவுக்கான வாதங்களில் ஆக வலுவானது இதுதான். இதற்குப் பதில் சொல்லாத எந்த ஆதரவும் வெறும் கோஷம்.

பதில், என் கவுண்ட்டரில் இருக்கிறது. கதவைத் திறந்துவிட கோர்ட்டால் முடியும். ஒரு சர்ஜனை உற்பத்தி செய்ய முடியாது. ஒரு தேசத்தில் எத்தனை சர்ஜன்கள், எத்தனை மயக்க மருந்து நிபுணர்கள், எத்தனை நர்ஸுகள் என்பது அந்தக் கணத்தில் தீர்மானமாகிவிட்ட எண்ணிக்கை. இரண்டாவது கதவுக்குப் பின்னால் நிற்கப் போவது முதல் கதவுக்குப் பின்னால் நின்ற அதே ஆள்தான். மானிட்டோபா மாகாணத்தில் 1990களில் இது கண்ணெதிரே நடந்தது. அங்கே கண்புரை அறுவைக்குப் பொது ஆஸ்பத்திரியும் உண்டு. கையிலிருந்து தனியாகக் கட்டணம் கட்டினால் தனியார் மனையும் உண்டு. பொது ஆஸ்பத்திரியில் மட்டும் வேலை செய்த டாக்டர்களின் நோயாளிகள் காத்திருந்த காலத்தையும், இரண்டிலும் வேலை செய்த டாக்டர்களின் பொது நோயாளிகள் காத்திருந்த காலத்தையும் அந்த மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டாமவர்கள் காத்திருந்தது இரு மடங்குக்கும் அதிகம். தனியார் கதவு வரிசையைக் குறைக்கும் என்பது உண்மையானால், அந்தக் கதவு வைத்திருந்த டாக்டர்களிடம்தான் வரிசை குறுகியிருக்க வேண்டும்.

இதில் டாக்டர்களின் குணத்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை. கை இரண்டு, பகல் ஒன்று. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முதல் கதவில் வரிசை இல்லாவிட்டால் இரண்டாவது கதவுக்குக் காசு கொடுக்க யார் வருவார்கள்? நீண்ட வரிசைதான் அந்தக் கடையின் சரக்கு. வரிசையைக் குறைக்கும் பொறுப்பும், வரிசை நீண்டால் வரும் வருமானமும் ஒரே ஆளிடம் சேர்வது எந்தத் தொழிலிலும் ஆரோக்கியமல்ல. ஒரு வங்கிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே வாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முழு விசாரணைக்கு வந்தது. வான்கூவரில் கேம்பி என்ற தனியார் அறுவை மனையை 1996இல் தொடங்கிய பிரையன் டே என்ற டாக்டர், தடைகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2009இல் வழக்குப் போட்டார். விசாரணை 2016இல் தொடங்கி வருஷக்கணக்கில் நீண்டது. 2020 செப்டம்பரில் நீதிபதி ஸ்டீவ்ஸ் எண்ணூறு பக்கங்களுக்கு மேல் தீர்ப்பு எழுதினார். சில நோயாளிகள் காத்திருக்கக் கூடாத அளவுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பொதுத் திட்டத்துக்குப் பக்கத்திலேயே காசுக்கு அதே சிகிச்சையை அனுமதிப்பதால் பொது வரிசை குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பணத்தைப் பொறுத்தல்லாமல் தேவையைப் பொறுத்துச் சிகிச்சை என்ற நோக்கத்தைத்தான் அது குலைக்கும் என்று முடிவு செய்தார். 2022இல் மேல்முறையீடு தோற்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. இதனால் விவகாரம் ஓய்ந்துவிடவில்லை. 2025 நவம்பரில் ஆல்பர்ட்டா அரசு, சர்ஜன்கள் பொதுவிலும் தனியாரிலும் ஒருசேர வேலை செய்ய அனுமதிக்கும் திட்டத்தை முன்வைத்தது. இரண்டாவது கதவு ஓர் இடத்தில் மூடினால் இன்னோர் இடத்தில் திறக்கிறது.

6

கனடாவின் திட்டத்தைக் கோயிலாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆஸ்பத்திரியும் டாக்டரும் அதில் அடங்கினர். பல்லும் மாத்திரையும் வெளியே நின்றன. அறுவை இலவசம், வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டிய மாத்திரை காசுக்கு என்ற விசித்திரம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2023 கடைசியில்தான் பல் சிகிச்சைக்கு மத்தியத் திட்டம் படிப்படியாகத் தொடங்கியது. மருந்துக்கான சட்டம் 2024இல் வந்தது, அதுவும் நீரிழிவு, கருத்தடை என்ற இரண்டு வாசலோடு. வடக்கே பூர்வ குடிகளின் ஊர்களுக்கு வரிசை மட்டுமல்ல, டாக்டரே தூரம். ஒரே கதவு என்பது நல்ல கதவு என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

ஆனால் ஒரே கதவில் மட்டும் ஒன்று சாத்தியம். அதன் கீல் துருப்பிடித்தால் எல்லோருக்கும் கோபம் வரும். எல்லோருக்கும் என்பதில், பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவனும், மந்திரியை டெலிபோனில் கூப்பிடக் கூடியவனும், வக்கீல் வைக்க வசதி உள்ளவனும் சேர்த்தி. அவர்களை இன்னொரு கதவு வழியாக அனுப்பிவிட்டால் முதல் கதவில் மிஞ்சுவது குரலற்றவர்கள். அந்தக் கதவு பிறகு தானாகவே இற்றுப் போகும். யாரும் அதை உடைக்க வேண்டியதில்லை. காசுள்ளவன் விலகுவதால் மிச்சமாகும் இடம் ஒன்று. அவனோடு வெளியேறிவிடும் குரல் மற்றொன்று. முதலாவதைத்தான் எல்லோரும் கணக்கில் எழுதுகிறார்கள். 1914இல் ஸார்னியா விவசாயிகள் இந்த இரண்டாவது பதிவையும் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பெரிய பண்ணைக்காரனுக்கும் வேறு டாக்டர் இல்லை என்பதால்தான் அவனும் வரி கட்டச் சம்மதித்திருப்பான்.

வரிசையைக் குறைக்க வழிகள் உண்டு, அவை கவர்ச்சியற்றவை. அதிகம் பேரைப் படிக்க வைப்பது, அறுவை அறைகளை மாலையிலும் இயக்குவது, டாக்டர்களின் தனித்தனிப் பட்டியல்களை ஒரே பொதுப் பட்டியலாக்குவது, வலியின் அளவைக் கொண்டு யார் முதலில் என்று தீர்மானிப்பது. எல்லாம் முதல் கதவைச் செப்பனிடும் வேலை. பணமும் பொறுமையும் கேட்பவை. புதிய கதவு வைப்பது சுலபம். திறப்பு விழா நடத்தலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நாளைக் காலை கவுண்ட்டரில் உட்காருவேன். முதல் வாரம். பதினொரு மணி சுமாருக்கு உள்ளே மணி அடிக்கும். நான் எழுந்து போவேன் என்றே நினைக்கிறேன். போகாமலிருக்கும் துணிச்சல் இதுவரை வந்ததில்லை. ஆனால் வரிசை குறைவதற்காகத்தான் போகிறேன் என்று அந்தக் கிழவியிடம் சொல்ல மாட்டேன்.